மூன்று கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு

ஆயர் ஐயா அவர்களே, பல சபைகளிலிருந்து வந்திருக்கிற பாடகர் குழுத் தலைவர்களே, தபேலாவையும் கீபோர்டையும் கைப்பிள்ளையைப் போலச் சுமந்துகொண்டு வந்திருக்கிற தம்பி தங்கைகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஆராதனையில் பாட்டு நடத்துகிறவன் தாழ்மையைக் கற்றுக்கொள்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். சங்கடமான தலைப்பு. தாழ்மையைப் பற்றிப் பேச ஒருவன் மேடையேறியதுமே அதில் பாதி போய்விடுகிறது. "தகுதியற்ற அடியேன் பாடுகிறேன்" என்று நாம் எல்லாரும் சொல்லியிருக்கிறோம். எக்கோ வைத்த மைக்கில் சொல்லியிருக்கிறோம். ஆகவே குணத்தை விட்டுவிட்டுச் சுருதியைப் பற்றிப் பேசுகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

நான் பாட்டு நடத்தத் தொடங்கியபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. மேல்ஸ்தாயியில் கணீரென்று பேசும் சாரீரம். எந்தக் கீர்த்தனையானாலும் மூன்று கட்டையில்தான் எடுப்பேன். கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி உயரும். மேல் ரிஷபத்தில் போய் நின்றால் ஆலயமே நிமிர்ந்து பார்க்கும். சபை மட்டும் பாடாது, முணுமுணுக்கும். எனக்குக் கோபம் வரும். ஒரு ஞாயிறு பாட்டை நடுவில் நிறுத்தி, "கர்த்தரைத் துதிக்க வாயைத் திறந்தால் வலிக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். முன்வரிசையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆச்சிமார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் கேட்டேன்.

அந்த வருஷமே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு மாதம் பாடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் பழக்கிய தம்பி ஒருவன் என் இடத்தில் நின்றான்; நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் மருத்துவர் சொன்னதை மறந்து மெல்லப் பாடிப் பார்த்தேன். பல்லவி வந்தது. சரணத்தில், அந்த ரிஷபத்துக்கு ஒரு படி கீழே இருக்கிற மேல் ஸட்ஜமே எட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவரைப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டு, பாட்டு கீழே இறங்கி வரும்வரை காத்திருந்தார். பின்வரிசைகளிலும் அப்படியே. மேடு வந்ததும் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளுவார்களே, அந்த மாதிரி. பல வருஷப் பழக்கம் அது.

தம்பி என்ன தப்புச் செய்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். கீபோர்டின் மேல் நான் ஒட்டிவைத்த சீட்டு அப்படியே இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே, என் கையெழுத்தில், மூன்று கட்டை.

கீர்த்தனையைக் கட்டினவர்கள் நம்மைவிட விவரமானவர்கள். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்பி வருகிறது. ஏட்டைப் பார்த்து வாசிக்கத் தெரியாதவரும் ஒரு சரணம் முடிவதற்குள் பல்லவியைப் பிடித்துக்கொள்ளலாம். பல்லவி சபையின் சொத்து. அதில் நான் ஒரே வரியை மாற்றி மாற்றி அலங்கரித்து, சங்கதி மேல் சங்கதி போட்டு, எந்த இடத்தில் சேர்ந்துகொள்வது என்று ஒருவருக்கும் தெரியாதபடி செய்துவைத்திருந்தேன். பிறர் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்துக்கொண்டு, வீட்டுக்காரரைப் பார்த்து "ஏன் உள்ளே வரமாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்ட கதைதான்.

சங்கீதப் புத்தகத்தில் 55 சங்கீதங்களின் தலைப்பில் இராகத்தலைவன் வருகிறான். நம்முடைய ஊழியம்தான். எதுத்தூன் என்ற ஒரு பெயரைத் தவிர அந்தத் தலைவன் இன்னார் என்று அந்தத் தலைப்புகள் சொல்வதில்லை. 84-ஆம் சங்கீதமும் அப்படி அவன் கையில் கொடுக்கப்பட்டதுதான். எழுதினவர்கள் கோராகின் புத்திரர். கோராகு யார்? ஆசரிப்புக் கூடார வேலை தனக்குப் போதாது, ஆசாரியப் பட்டமும் வேண்டும் என்று மோசேக்கு எதிராக 250 பேரைத் திரட்டிக்கொண்டு நின்றவன். எண்ணாகமம் 16-இல் அவனுடைய முடிவைப் படிக்கலாம். பத்து அதிகாரம் தள்ளி, "கோராகின் குமாரரோ சாகவில்லை" என்று ஒற்றை வரி வருகிறது. அந்த வம்சம் என்ன ஆயிற்று? வாசல் காவலும் பாட்டும் அவர்களுக்கு வந்தன. "என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுவேன்" என்று பாடினவர்கள் அவர்கள். பாட்டன் உள்ளே போவதற்குச் சண்டை போட்டான். பேரப்பிள்ளைகள் வாசற்படியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வாசற்படியில் நிற்கிறவனுக்கு யார் உள்ளே வருகிறார்கள், யார் வரமுடியாமல் நிற்கிறார்கள் என்பது தெரியும். பெஞ்சில் உட்கார்ந்த அந்த ஒரு மாதத்தில் எனக்கு அது கொஞ்சம் தெரிந்தது.

தொண்டை தேறித் திரும்பிய ஞாயிறு, பழைய சீட்டைக் கிழித்துவிட்டுத் தம்பியிடம், "ஒரு கட்டைக்கு இறக்கு" என்றேன். வெறும் நான்கு அரைச்சுரம். பல்லவியைச் சங்கதி எதுவும் இல்லாமல் நேராக எடுத்தேன். இரண்டாம் சரணத்தில் பின்வரிசையிலிருந்து ஆண்கள் குரல் எழும்பி வந்தது. அந்த ஆலயத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. என் குரல் கீழ்ஸ்தாயியில் கரகரவென்று எங்கேயோ அமுங்கிப்போயிற்று.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, நான் அன்றைக்குக் கடிந்துகொண்ட ஆச்சிகளில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். "தம்பி, இன்றைக்கு உன் சத்தமே கேட்கவில்லையே. தொண்டை இன்னும் சரியாகவில்லையா?" என்றார்.

சுருக்கென்றது. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வாய் துடித்தது. "சரியாகிவிடும் ஆச்சி" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, எல்லாரும் போகும்வரை காத்திருந்தேன். பிறகு ஆலயக் கதவைச் சாத்திக்கொண்டு, அதே கீர்த்தனையை மூன்று கட்டையில் ஆசை தீர ஒரு முறை பாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.