என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்

வணக்கம் நேயர்களே. இன்று ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது என் அப்பாவின் வாயிலிருந்து வந்தது.

போன வாரம் அவரைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். மூன்று நாள் முன்பிருந்தே காப்பியில் சர்க்கரை கிடையாது, இரவில் இரண்டே இட்லி. வெறும் வயிற்றில் 108 வந்தது. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. அடுத்த வரியில் மூன்று மாதச் சராசரி: 8.4 சதவீதம். அது அதிகம். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் அந்த நாள்களின் சர்க்கரை ஒட்டியபடியே இருக்கும். மூன்று நாள் பத்தியம் அதனிடம் செல்லாது.

அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி அப்பா சொன்னார்: "இத்தனை நாளும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்."

'விரலை வெட்டினான்' என்றால் யார் விரலோ. 'வெட்டிக்கொண்டான்' என்றால் அவன் விரல்தான். 'கொள்' சேர்ந்ததும் செய்தவனும் பட்டவனும் ஒருவனாகிவிடுகிறார்கள். ஆனால் கவனியுங்கள், 'கொண்டிருந்தான்' என்று நீண்டால் அந்தப் பொருள் நிச்சயமில்லை. 'அவன் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தான்' என்றும் சொல்கிறோமே! அங்கே அது தொடர்ச்சியைத்தான் காட்டுகிறது. அதனால்தான் அப்பாவுக்கு 'என்னையே' தேவைப்பட்டது. அந்த ஒரு ஏகாரம் பழியை வேறு யார் மீதும் போகவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

'ஆத்ம வஞ்சனை' என்றும் ஒரு சொல் இருக்கிறது. மனசாட்சி வேண்டாம் என்று சொல்வதைத் தெரிந்தே செய்யும்போது அது பொருந்தும். அப்பா செய்ததற்கு அது மிகக் கனமான சொல். அவர் வஞ்சிக்கவில்லை, பயந்தார். பயத்தில் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருந்துவிட்டார். அதற்கு 'ஏமாற்றிக்கொள்' போதும்.

'மனதைத் தேற்றிக்கொள்' என்பதிலும் இதே 'கொள்'தான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உண்மை தெரிந்த பிறகுதான் ஒருவர் தேற்றிக்கொள்ள முடியும். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் குறைந்துவிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, வேட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஓர் அதிரச டப்பாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அது அங்கே இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.