இந்த வயதில் படிக்கப் போனால் ஃபீஸுக்கு என்ன செய்வது?

வணக்கம் அன்பான நேயர்களே. நான் லண்டனில் வயது வந்தோருக்கான கல்லூரி ஒன்றில் ஆலோசகராக வேலை செய்கிறேன். எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் வந்து என் முன்னால் இருந்ததும், என்ன பாடம், எத்தனை வருடம் என்று கேட்பதற்கு முன்னமே கேட்பது இதைத்தான்: "வருடத்துக்கு ஒன்பதாயிரம் பவுணுக்கு மேல் ஃபீஸாம். அந்தக் காசுக்கு எங்கே போவது?" இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நான் சொல்வது இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கு. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை வேறு.

2025–26 கல்வியாண்டில் முழுநேரப் பட்டப்படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகம் ஆகக்கூடியது 9,535 பவுண் வாங்கலாம். அந்தத் தொகையை அரசாங்கத்தின் மாணவர் கடன் அமைப்பான ஸ்ரூடன்ட் ஃபினான்ஸ் கடனாகத் தரும். காசு உங்கள் கைக்கு வராது, நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகும். இந்தக் கட்டணக் கடனுக்குக் கணவன் மனைவியின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. பிணை நிற்க ஆள் தேவையில்லை, வீட்டு உறுதி வைக்கத் தேவையில்லை. வயது 45 என்றாலும் 55 என்றாலும் தடையில்லை. ஓப்பன் யூனிவர்சிற்றி போன்ற இடங்களில் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கும் உண்டு.

கடன் என்றதும் எங்கள் ஆட்கள் பின்வாங்குவது எனக்கு நன்றாக விளங்கும். வட்டிக்கு வாங்கி, நகை அடைவு வைத்து, ஏஜென்சிக்குக் கட்டி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த சமூகம் நாங்கள். அந்தக் கடனை அடைக்கப் பெற்றோல் ஷெட்டில் இரவிரவாக நின்றவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் திருப்பிக் கட்டும்போது சம்பளத்தில் எவ்வளவு வெட்டுவார்கள் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட் 1க்குப் பிறகு படிப்பைத் தொடங்கியவர்களுக்கு வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டினால் மட்டுமே வெட்டு. அதுவும் தாண்டிய தொகையில் 9 வீதம். 28,000 உழைக்கும் ஒருவரை எடுங்கள். மேலதிகம் 3,000. அதில் 9 வீதம் 270. மாதத்துக்கு 22 பவுண் 50 பென்ஸ். சம்பளச் சிட்டையில் வரி போவது மாதிரித் தானாகவே போகும். கடை வைத்திருப்பவர்களுக்கு வருடாந்த வரிக்கணக்கோடு வரும். வேலை போனால் வெட்டும் நின்றுவிடும். வட்டி உண்டு, அது விலைவாசி ஏறும் வீதத்தை ஒட்டியது. 40 வருடத்துக்குப் பிறகு மிச்சம் இருப்பது தள்ளுபடி. இடையில் ஆள் இறந்துபோனால் கடனும் அத்தோடு ரத்து, பிள்ளைகள் தலையில் விழாது. இதைக் கேட்ட பிறகுதான் பல தாய்மாரின் முகம் தெளிகிறது.

எங்களிடம் அதிகம் வருவது கெயார் ஹோமில் வேலை செய்யும் அக்காமார். ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்திருப்பார்கள், போரும் இடப்பெயர்வும் வந்து படிப்பு நின்றுபோயிருக்கும். பிள்ளைகளை வளர்த்துவிட்டு, இப்போது நேர்ஸாக வர ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜி.சி.எஸ்.இ., அதாவது இங்கே பள்ளிக்கூடத்தில் எழுதும் பொதுப் பரீட்சையில் ஆங்கிலமும் கணக்கும் இல்லாவிட்டால், வயது வந்தோருக்கு அவை பெரும்பாலும் இலவசம். அப்புறம் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குத் தயார்ப்படுத்தும் ஒரு வருட அக்சஸ் டிப்ளோமா. இதன் கட்டணத்துக்கு அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் என்ற அரசாங்கக் கடனை எடுக்கலாம். அக்சஸ் முடித்து, அதற்குப் பிறகு பல்கலைக்கழகப் படிப்பையும் முடித்தால், அந்த லோனின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். நேர்ஸிங் தொடங்கியதும் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். நிதியிலிருந்து வருடத்துக்கு 5,000 பவுண் கிடைக்கும். பிள்ளை பராமரிப்புப் பொறுப்பு இருந்தால் இன்னும் 2,000. இந்த இரண்டையும் திருப்பிக் கட்டத் தேவையில்லை. இவ்வளவு இருந்தும் "எங்களுக்கெல்லாம் இது கிடைக்குமா?" என்று தயங்கித் தயங்கியே வருடங்களைக் கடத்துகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய மனவருத்தம்.

சரி, யாருக்குக் கிடைக்கும்? பிரிட்டிஷ் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவுரிமை இருக்க வேண்டும், படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று வருடமும் இங்கே வசித்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கு அந்த மூன்று வருட நிபந்தனை இல்லை. ஸ்பவுஸ் விசா, வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது.

ஊரில் பட்டம் முடித்தவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ இலவசமாகப் படித்திருந்தாலும் அது பட்டம்தான். அதே மட்டத்தில் இன்னொரு பட்டத்துக்குப் பொதுவாகக் கடன் தருவதில்லை. ஆனால் நேர்ஸிங், மருத்துவச்சி, பிசியோதெரபி போன்ற படிப்புகளுக்கும், பகுதிநேர அறிவியல், பொறியியல், கம்ப்யூட்டர் பட்டங்களுக்கும் விதிவிலக்கு உண்டு. 2027 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு வேறொரு திட்டம் வருகிறது. அதில் நீங்கள் ஏற்கெனவே எவ்வளவு அரச உதவி பெற்றீர்கள் என்பதை வைத்துத்தான் இன்னும் எவ்வளவு கடன் தரலாம் என்று கணக்கிடுவார்கள். அதில் 60 வயது என்று எல்லையும் இருக்கிறது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதில் இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். "பெயரைப் பதியுங்கள், வகுப்புக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, ஃபீஸ் லோனைவிட வாழ்க்கைச் செலவுக்கென்று வேறு லோன் கைக்கு வரும்" என்று சொல்லி ஆள் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களின் பெயரில் வேறு கல்லூரிகள் நடத்தும் படிப்புகளில் நடக்கும் கடன் மோசடி பற்றி 2024 ஜனவரியில் தேசிய கணக்காய்வு அலுவலகமே அறிக்கை வெளியிட்டது. ஆள் பிடித்தவருக்குக் கொமிஷன், கடன் உங்கள் பெயரில். அதைவிட மோசமானது, கட்டணக் கடன் பொதுவாகப் படிப்பின் காலத்தோடு மேலதிகமாக ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். விருப்பமில்லாத படிப்பில் இரண்டு வருடத்தைத் தொலைத்துவிட்டால், பிறகு உண்மையாகவே விரும்பிய படிப்புக்குப் போகும்போது கட்டணத்தில் ஒரு பகுதியைக் கையிலிருந்து கட்ட வேண்டி வரலாம். விண்ணப்பத்தை அரசாங்க இணையத்தளத்தில் நீங்களே போடலாம், அதற்கு யாருக்கும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாகச் சான்றிதழ். இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் உயர்தர, சாதாரணதரப் பெறுபேற்றுச் சான்றிதழ்களை இப்போது இணையத்தின் மூலம் விண்ணப்பித்தும் தருகிறது. சுட்டெண்ணும், அதாவது பரீட்சை இலக்கமும், பரீட்சை எழுதிய வருடமும் வேண்டும். சுட்டெண் ஞாபகமில்லாவிட்டால் படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். இதற்கு நாள் எடுக்கும். செப்டெம்பரில் வகுப்புக்குப் போக நினைப்பவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.