குருகும் உண்டு

நாகர்கோவில் வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இலக்கியத்தில் வரும் ஒரு பறவையோ மரமோ அணிகலனோ எப்போது வெறும் பொருளாக நிற்கிறது, எப்போது இன்னொன்றைச் சுட்டும் குறியாகிறது, ஒரே பொருள் மீண்டும் மீண்டும் வரும்போது அதை எவ்வாறு கவனிப்பது என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்த காலம் முழுவதும் என் மனத்தை விட்டு நீங்காத பொருள் இது.

குறி பார்ப்பது புலவர்களுக்கு மட்டுமே உரிய வேலை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். நம் கடற்கரையில் கட்டுமரம் செலுத்தியவர்கள், கரையில் தெரியும் ஒரு மலைமுகட்டையும் ஒரு தேவாலயக் கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்துப் பார்த்து, பிறகு வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை அதேபோல் நேர்வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் கடலுக்கடியில் கிடக்கும் பார் என்னும் பாறைத்திட்டைக் கண்டுபிடித்து அதன்மேல் தூண்டிலை இறக்கினார்கள். ஒரே ஒரு மலையை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் இடம் என்று எந்த மீனவரும் சொன்னதில்லை. இரண்டாவது அடையாளம் கிடைத்த பிறகுதான் இடம் உறுதியாகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இந்த உரை முழுவதும் இந்த இரண்டாவது அடையாளத்தைப் பற்றியதுதான்.

தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டையே அந்த ஆசானின் ஊராக நாம் கொண்டாடி வருகிறோம். அந்த நூலில், வெளிப்படச் சொல்லும் பொருளுக்குள் இன்னொரு பொருளை மறைத்து வைக்கும் உள்ளுறை பற்றிய ஒரு நூற்பா, 'உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலம் எனக் கொள்ளும் என்ப குறியறிந்தோரே' என்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பறவை, விலங்கு, மரம், பூ, நீர், தொழில் ஆகிய கருப்பொருள்களில் தெய்வத்தை நீக்கிவிட்டு, மற்றவற்றை நிலைக்களமாகக் கொண்டே உள்ளுறை அமையும் என்பது அதன் கருத்து. இங்கே 'குறியறிந்தோர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர்கள் குறிகளை வானத்திலிருந்து இறக்குமதி செய்யவில்லை. வயலிலும் குளத்திலும் சாரலிலும் ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்தே எடுத்தார்கள். ஆகவே அந்தப் பறவையை அறியாதவருக்கு அந்தக் குறியும் பிடிபடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கருத்தை எனக்குக் கற்பித்தவள் ஒரு மாணவி. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலர் பாடியது. காதலன் திருமணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறான். தலைவி தோழியிடம் தன் நிலையைச் சொல்கிறாள்.

'யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே'

எங்களுக்குள் உறவு நேர்ந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் ஒருவனே இருந்தான், அவனே சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும், அதாவது ஒரு கொக்கும், அங்கே இருந்தது என்கிறாள். நான் இந்தப் பாட்டைப் பல ஆண்டுகள் ஒரே விதமாகத்தான் நடத்தினேன். 'குருகு: சாட்சி இல்லாமையின் குறியீடு' என்று கரும்பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் அப்படியே விடையளிப்பார்கள், நானும் முழு மதிப்பெண் அளிப்பேன்.

ஓர் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில், நாஞ்சில் நாட்டு வயற்காட்டிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து நின்று, "சார், அந்தக் கொக்கு ஒண்ணும் கண்டிருக்காது" என்றாள். "ஏன் மக்களே அப்படிச் சொல்லுதே?" என்று கேட்டேன். "மீனைப் பாத்து நிக்கும்போ நாம வரப்புல பக்கத்துல போனாலும் அது அனங்காது சார். கிட்டத்தட்ட சவிட்டப் போகும்போதான் பறக்கும்" என்றாள்.

நான் எழுதிப்போட்ட குறிப்புக்கு அடியில் இருந்த உயிரை அந்தப் பெண் இரண்டு வாக்கியத்தில் எடுத்து வெளியே வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று வகுப்பு முழுவதையும் குளக்கரைக்கு அழைத்துச் சென்றேன். வரப்போரம் வெள்ளைக் கொக்கு ஒன்று நின்றது. அதன் கால்கள் கருப்பு. சற்றுத் தள்ளி, மண்ணின் நிறத்தோடு நிறமாகக் கலந்து, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு மடையான் நின்றது. குளக்கொக்கு என்றும் சொல்வார்கள். அதன் கால் மஞ்சள் கலந்த பச்சை. கபிலர் சொல்லும் பசுங்காலுக்குப் பொருந்தி நின்றது அந்த மடையான்தான். நாற்பது பிள்ளைகள் வரப்பில் வரிசையாக நடந்து மிக அருகில் போகும்வரை அது தலையைத் திருப்பவே இல்லை. பிறகு பறந்தது, பறக்கும்போதுதான் அதன் வெள்ளைச் சிறகு தெரிந்தது. அதுவரை அப்படி ஒரு பறவை அங்கே நின்றதே சில பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பிறகு அந்தப் பாட்டு எனக்கு வேறாகிவிட்டது. 'குருகு உண்டு' என்று கபிலர் எழுதவில்லை, 'குருகும் உண்டு' என்று எழுதினார். அந்த 'உம்'மில் ஒரு சிறு நம்பிக்கை தொற்றிக்கொண்டிருக்கிறது. யாரும் இல்லை என்று சொல்லி முடித்தவள், இல்லை, ஒன்று இருந்தது என்று நினைவிலிருந்து தேடி எடுக்கிறாள். எடுத்துப் பார்த்தால், அதன் கண்ணும் மீன்மேல் இருந்தது. ஓடும் நீரில் தன்னை ஒரு கண் குறிவைத்திருப்பதை அறியாமல் நீந்தும் ஆரலையும், அவள் 'கள்வன்' என்று அழைக்கும் ஒருவனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குருகு சாட்சியாக மட்டும் நிற்கிறதா, அவனாகவும் நிற்கிறதா என்ற கேள்வியும் எழுகிறது. இரண்டுக்கும் பாட்டு இடம் தருகிறது என்றே நான் கருதுகிறேன். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரும்பலகையில் எழுதியதுதான் நான் செய்த பிழை.

இன்றும் கடைகளில் விற்கும் துணைநூல்களில் தாமரை என்றால் தூய்மை, புறா என்றால் அமைதி, இருள் என்றால் அறியாமை என்று பட்டியல் போட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் உண்டாகிறது. பட்டியல் கையில் இருக்கும் பிள்ளை பறவையைப் பார்க்காது. அந்த மடையானையே பாராமல் போன பிள்ளைகளைப் போல, பாட்டின் வரப்பில் நடந்து போய்விடும்.

இப்போது இரண்டாவது அடையாளத்துக்கு வருகிறேன். பறவை ஒரு பாட்டில் வந்தால் அது அந்தப் பாட்டின் பறவை. அது வேறு பாட்டில், வேறு புலவர் வாயில் மீண்டும் வந்தால், அங்கே ஒரு மரபு ஓடுகிறது என்று பொருள். சத்திமுற்றப் புலவர் மதுரையில் குளிரில் ஒடுங்கிக் கிடந்தபோது வானில் பறந்த நாரையைப் பார்த்துப் பாடியது நேயர்கள் பலருக்கும் மனப்பாடமாக இருக்கும். 'நாராய் நாராய் செங்கால் நாராய், பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்.' பனங்கிழங்கை நடுவே பிளந்து தின்ற கைகளுக்கு அந்த அலகின் வடிவம் உடனே புரியும். அடுத்து வருவது நம் மண்ணுக்கே உரிய வரி: 'நீயும் நின் மனைவியும் தென்திசைக் குமரி ஆடி வடதிசைக்கு ஏகுவீர் ஆயின்.' குமரியில் நீராடித் திரும்பும் பறவை அது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளுக்கு ஆண்டுதோறும் வலசை வரும் பறவைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரி நினைவுக்கு வரும்.

இதில் 'நீயும் நின் மனைவியும்' என்ற சொற்களைக் கேட்டீர்கள். இனி நம்மாழ்வாரைக் கேளுங்கள். அவருடைய தாயார் உடையநங்கை பிறந்த ஊர் நம் திருப்பதிசாரம் என்பது வைணவ மரபு. திருவாய்மொழியில் அவர், 'அஞ்சிறைய மடநாராய் அளியத்தாய் நீயும் நின் அஞ்சிறைய சேவலுமாய்' என்று தொடங்கி, தன் தூதாகச் செல்லுமாறு வேண்டுகிறார். அங்கே ஆண் பறவையிடம் 'நீயும் நின் மனைவியும்', இங்கே பெண் பறவையிடம் 'நீயும் நின் சேவலும்'. வறுமையில் மனைவியைப் பிரிந்த புலவரும், திருமாலைப் பிரிந்த தலைவியாகத் தம்மைப் பாவித்த ஆழ்வாரும், தனியாகப் பறக்கும் பறவையிடம் பேசவில்லை. இணையோடு பறக்கும் பறவையையே அழைத்தார்கள். பிரிந்திருப்பவரின் கண்ணில் முதலில் படுவது அந்தப் பறவை தனியாக இல்லை என்பதுதான். இங்கே பாட்டின் உட்பொருள் 'நீயும் நின்' என்ற அந்த இரண்டு சிறு சொற்களுக்குள் இருக்கிறது. இரண்டு பாட்டையும் சேர்த்துப் படிக்காதவருக்கு அது கண்ணில் படாது.

சிறு பாட்டுகளில் இப்படி என்றால், முப்பது காதைகள் கொண்ட சிலப்பதிகாரத்தில் ஒரே பொருள் எவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்று பாருங்கள். கோவலன் மாதவியிடம் இருக்கும் நாளில் கண்ணகியை இளங்கோவடிகள் காட்டும்போது, 'அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய' என்கிறார். அங்கே சிலம்பு காலில் இல்லை; இல்லாமையாகவே அது அறிமுகமாகிறது. கோவலன் பொருள் இழந்து திரும்பியபோது, 'சிலம்பு உள, கொண்ம்' என்று கண்ணகி சொல்கிறாள். அப்போது அது வணிகத்துக்கான முதல். மதுரையில், 'சீறடிச் சிலம்பின் ஒன்று கொண்டு யான் போய் மாறி வருவன்' என்று கோவலன் விடைபெறுகிறான். அதே 'சீறடி' மீண்டும் வருவதைக் கவனியுங்கள். புகாரில் அழகுக்காகச் சொல்லப்பட்ட அந்தச் சிறிய அடி, இடையில் மதுரை வரை நடந்து வந்திருக்கிறது. இணையாக இருந்த சிலம்பு இந்த இடத்தில் பிரிகிறது. ஒன்று அவன் கையில், ஒன்று அவளிடம். அவர்கள் இருவரும் இனிச் சேரப்போவதில்லை.

பிறகு அரண்மனை வாயிலில் நின்று கண்ணகி வாயிலோனிடம் சொல்கிறாள்: 'இணையரிச் சிலம்பொன்று ஏந்திய கையள், கணவனை இழந்தாள் கடையகத்தாள் என்று அறிவிப்பாயே.' இணைச் சிலம்பில் ஒன்று. தன் கதை முழுவதையும் அவள் வாயிலோனுக்குச் சொல்லவில்லை. அவள் முன்வைத்தது ஒற்றைச் சிலம்பு ஏந்திய கையை. அந்த 'இணை'யையும் 'ஒன்று'வையும் அடுத்தடுத்து வைத்து, அதற்கடுத்த அடியிலேயே 'கணவனை இழந்தாள்' என்று இளங்கோவடிகள் வைத்ததை நான் முதன்முதலில் உணர்ந்த நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மேலே படிக்க இயலவில்லை. சிலம்பு என்றால் கற்பு என்று துணைநூல் சொல்லும். அந்தச் சிலம்போ அணியாக இருந்து, முதலாகி, பிரிவாகி, வழக்கில் சான்றாகி, இறுதியில் உடைந்து மன்னவன் வாய்முதல் தெறிக்கும் மணியாகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் முந்தைய பொருளையும் சுமந்துகொண்டே வருகிறது.

கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடியப் போவதாகக் கை காட்டுகிறார்கள். புதினங்களில் இது எவ்வாறு தொடர்கிறது என்பதற்கு நம் நாகர்கோவில் மண்ணிலிருந்தே சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யை விரிவாக எடுத்துக்கொள்ள எண்ணியிருந்தேன். 1966இல் நூலாக வந்தது. அதில் மரம் எதற்குக் குறியீடு என்று முதல் பக்கத்திலேயே தேட வேண்டாம். முதலில் அது எந்த நீரின் நடுவில் நின்றது, பிறகு யாருடைய கடைகளின் நடுவில் நின்றது, அதன் நிழலில் அமர்ந்து பேசுகிறவர்கள் எப்படி மாறிக்கொண்டே போகிறார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டே படித்துப் பாருங்கள். கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் பொறுமையோடு கேட்ட நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.