ஆணியா, மரச்சீவலா: ஒரே த்ரில்லரைப் பத்தி ரெண்டு பேர் ஏன் ஒத்துப்போறதில்ல?

[காட்சி: இருட்டு அறை. மேஜை விளக்கு. விரித்துக் கவிழ்த்து வைத்த ஒரு தடிமனான புத்தகம்.]

ஒரே நாவல். ரெண்டு பேர் படிச்சாங்க. ஒருத்தர், "மூணு நாள் லைட்ட அணைக்காமத்தான் படுத்தேன்"ங்கறார். இன்னொருத்தர், "எண்பதாவது பக்கத்துலயே தூங்கிட்டேன்"ங்கறார். ரெண்டு பேருமே பொய் சொல்லல.

அடுத்து என்ன படிக்கலாம்னு தேடுறப்ப நம்ம கையில இருக்கறது இந்த மாதிரி கருத்துகள்தான். 'செம ட்விஸ்ட்', 'ஒரே இழுவை', 'முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன்', 'பயமே வரல', 'முடிவுல சொதப்பிட்டாங்க'. த்ரில்லர், ஹாரர் பத்தின பேச்சு பெரும்பாலும் இந்த அஞ்சுக்குள்ளயே சுத்துது. ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னாடி இருக்கற எதிர்பார்ப்பு ஆளுக்கு ஆள் வேற. அதைத்தான் இந்த வீடியோவுல பிரிச்சுப் பாக்கப் போறோம். எந்தக் கதையோட முடிவையும் உடைக்க மாட்டேன், தைரியமா கேக்கலாம்.

[காட்சி: பழைய வாரப் பத்திரிகையின் பக்கம். திரையில்: 1944]

முதல்ல 'இழுவை'. இதுக்கு ஒரு பழைய சண்டை இருக்கு. எட்மண்ட் வில்சன்னு அமெரிக்காவுல பெரிய இலக்கிய விமர்சகர். 1944 அக்டோபர்ல 'தி நியூயார்க்கர்' இதழ்ல அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஜனங்க ஏன் துப்பறியும் கதைகளைப் படிக்கறாங்கங்கறதுதான் தலைப்பு. அந்தக் காலத்துல எல்லாரும் கொண்டாடின நீரோ வுல்ஃப் கதைகளையும் படிச்சுப் பார்த்திருக்கார். அதைப் பத்தி அவர் சொன்னதோட சாரம் இதுதான்: பெரிய பெரிய மரப்பெட்டிகளைப் பிரிக்கற மாதிரி இருந்துச்சாம். உள்ள அடைச்சு வெச்ச மரச்சீவலை எல்லாம் முழுங்கி முழுங்கி அடிக்குப் போனா, அங்க கிடந்தது வளைஞ்சு துருப்பிடிச்ச சில ஆணிதானாம்.

இத்தனை அழகா ஒரு புத்தகத்தைத் திட்டினவங்க குறைவு. வாசகர்கள் சும்மா இருப்பாங்களா? கடிதம் மேல கடிதம் போட்டாங்க. 'நீங்க தப்பான புத்தகத்தை எடுத்துட்டீங்க, இதைப் படிங்க, அதைப் படிங்க'ன்னு பட்டியல் போட்டு அனுப்பினாங்க. அதுல பலர் சிபாரிசு செஞ்சது டாரதி சேயர்ஸ் எழுதின 'தி நைன் டெய்லர்ஸ்', 1934ல வந்த நாவல். வில்சன் அதையும் எடுத்தார். தேவாலய மணியை முறைப்படி அடிக்கற கலையைப் பத்தி அதுல பக்கம் பக்கமா வரும். பலதைத் தாண்டிக் குதிச்சுப் போனதா அவரே ஒத்துக்கிட்டார். 1945 ஜனவரியில மறுபடி எழுதினார். தான் படிச்சதுலயே ரொம்ப சலிப்பான புத்தகங்கள்ல அதுவும் ஒண்ணுன்னுட்டார்.

[காட்சி: மரப்பெட்டி. உள்ளே சுருள் சுருளாய் மரச்சீவல். ஒரு கை அதைக் கிளறுகிறது.]

இங்கதான் கொஞ்சம் நிக்கணும். நீரோ வுல்ஃப் யாரு? ஆர்க்கிட் செடி வளர்க்கறவர், சாப்பாட்டுப் பிரியர், முடிஞ்ச வரைக்கும் வீட்டை விட்டு வெளிய வராத குண்டு துப்பறிவாளர். அவரோட ரசிகர்கள் அந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பப் படிக்கறது அந்த ஆர்க்கிட்டுக்காக, அந்தச் சாப்பாட்டு மேஜைக்காக, உதவியாளரோட நடக்கற வாய்ச்சண்டைக்காக. அதாவது மரச்சீவலுக்காக! கொலை செஞ்சது யாருங்கறது அவங்களுக்கு ரெண்டாம்பட்சம். வில்சன் ஆணி தேடி வந்தவர். அதனால மத்ததெல்லாம் அவர் தொண்டையில சிக்கிக்கிச்சு.

ஆக, ஒருத்தர் 'இழுவை'ன்னு சொன்னா நான் கேக்கற முதல் கேள்வி, எது இழுத்துச்சுங்கறதுதான். மணி அடிக்கற பக்கங்கள்தான் இழுத்துச்சுன்னா, அது எனக்குப் பிடிக்கறதுக்குக் கூட வாய்ப்பு இருக்கு. நேர் எதிரா, மரச்சீவலே இல்லாம ஆணியை மட்டும் கொட்டற நாவல்களும் இருக்கு. 2003ல வந்த 'தி டா வின்சி கோட்'ல முன்னுரையும் முடிவுரையும் போக 105 அத்தியாயம். பலது ரெண்டு மூணு பக்கம்தான், பெரும்பாலும் ஒரு கொக்கியோட முடியும். 'கீழ வைக்கவே முடியல'ன்னு சொன்னவங்களும், 'நடை சகிக்கல'ன்னு சொன்னவங்களும் படிச்சது ஒரே புத்தகம்தான். ரெண்டு பேர் சொன்னதும் சரின்னுதான் எனக்குத் தோணுது.

[காட்சி: மேஜைக்கு அடியில் டிக் டிக் என ஓடும் கடிகாரம்.]

அடுத்தது, 'முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன்'. இதைக் குறையா சொல்றாங்க. சில சமயம் பெருமையாவும் சொல்றாங்க. ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ கூட நடத்தின உரையாடல்ல ஒரு உதாரணம் சொல்வார். சிலர் மேஜையில உக்காந்து பேசிட்டு இருக்காங்க. திடீர்னு அடியில குண்டு வெடிக்குது. பாக்கறவங்களுக்குப் பதினஞ்சு செகண்ட் அதிர்ச்சி. அதே குண்டு அடியில இருக்குன்னும், இத்தனை மணிக்கு வெடிக்கும்னும் முன்னாடியே நமக்குக் காட்டிட்டா? அவங்க பேசற வெட்டிப்பேச்சு கூட நம்மளை நகம் கடிக்க வைக்கும். பதினஞ்சு நிமிஷம் சஸ்பென்ஸ்.

முதல் வகைக் கதையில முடிவு தெரிஞ்சிட்டா எல்லாம் போச்சு. ரெண்டாவது வகையில முடிவு தெரியறதுதான் மூலதனம். 'யூகிச்சிட்டேன், அதனால மோசம்'னு ஒருத்தர் சொன்னா, அந்த நாவல் எந்த வகைன்னு பாக்கணும். குண்டைக் காட்டிட்டே ஆரம்பிக்கற கதையைப் பார்த்து, 'குண்டு இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்'னு சொல்றதுல அர்த்தமில்ல.

இதுல ஒரு ஆராய்ச்சியும் உண்டு. 2011ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாகத்துல லெவிட், கிறிஸ்டன்ஃபெல்டுன்னு ரெண்டு பேர் பன்னெண்டு சிறுகதைகளை வெச்சு சோதிச்சாங்க. முடிவை முன்னாடியே சொல்லிட்டுப் படிக்கக் கொடுத்தா, பெரும்பாலான கதைகளை வாசகர்கள் கொஞ்சம் கூடுதலாவே ரசிச்சாங்கன்னு வந்துச்சு. இதைக் கேட்டுட்டு நண்பர்கள்கிட்ட முடிவுகளை உளறக் கிளம்பிடாதீங்க. அது சில பக்கக் கதை. ஐநூறு பக்கம் ராத்திரி கண்ணு முழிச்சுப் படிக்கற அனுபவம் வேற. பின்னாடி மத்தவங்க செஞ்ச சோதனைகள்ல நேர் எதிரான முடிவும் வந்திருக்கு.

[காட்சி: ஒரு பழைய கெட்டி அட்டைப் புத்தகம். திரையில்: 1926]

ட்விஸ்ட்டுன்னு வந்துட்டா அகதா கிறிஸ்டியை விட முடியாது. 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' வந்தது 1926ல. படிச்சவங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சாங்க. 'மேதை'ன்னு ஒரு கட்சி, 'வாசகனை ஏமாத்திட்டாங்க'ன்னு இன்னொரு கட்சி. அந்தக் காலகட்டத்துல துப்பறியும் கதைக்குச் சட்டமே எழுதினாங்க. 1929ல ரொனால்ட் நாக்ஸ்ங்கற எழுத்தாளர், அவர் ஒரு பாதிரியாரும் கூட, பத்துக் கட்டளை போட்டார். ரகசிய வழி ஒண்ணுக்கு மேல கூடாது, முன்னறிவிப்பு இல்லாம இரட்டைப் பிறவிகளை இறக்கக் கூடாது, இப்படிப் போகும். பாதி கிண்டல்தான். ஆனா அடியில இருக்கற கோரிக்கை நிஜம்: தடயம் எல்லாம் என் கண்ணு முன்னாடி இருக்கணும், அப்புறம் நான் கோட்டை விட்டா அது என் தப்பு.

கிறிஸ்டி ஏமாத்தினாங்களா? என் கட்சி, இல்ல. ரெண்டாவது முறை படிச்சுப் பாருங்க. ஒவ்வொரு வாக்கியமும் அங்கயே பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கும். ட்விஸ்ட் நல்லா இருந்துச்சான்னு முடிவு பண்ண எனக்கு இருக்கற ஒரே வழி இந்த மறுவாசிப்புதான். ரெண்டாவது தடவை கதை இன்னும் கெட்டியானா அது ட்விஸ்ட். ஓட்டையா ஒழுகினா அது கண்கட்டு வித்தை. 'கடைசி பத்துப் பக்கம் மிரட்டல்'னு பாராட்டு வாங்கற பல நாவல்கள் ரெண்டாவது ரகம்தான்.

[காட்சி: நீளமான தாழ்வாரம். மூடின ஒரு கதவு. கீழே ஒளிக்கீற்று.]

இப்ப ஹாரர். 'பயமே வரல'ங்கற புகார்.

பயம்னு நாம ஒரே வார்த்தையில சொல்றதை ஆன் ராட்க்ளிஃப்ங்கற பழைய ஆங்கில நாவலாசிரியை ரெண்டாப் பிரிச்சாங்க. அவங்க இறந்து மூணு வருஷம் கழிச்சு 1826ல வந்த கட்டுரை அது. திகில் மனசை விரியவெச்சு புலன்களை உசுப்பும், கோரம் மனசைச் சுருக்கி உறைய வெச்சிடும்ங்கறது அவங்க வாதம். 1981ல ஹாரர் எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங் 'டான்ஸ் மக்காப்ரே'ங்கற கட்டுரை நூல்ல இதோட மூணாவதா ஒண்ணைச் சேர்த்தார்: குமட்டல். முதல்ல திகில் ஊட்டப் பாப்பேன், முடியலன்னா கோரம், அதுவும் முடியலன்னா குமட்ட வைப்பேன்னு வெட்கமே இல்லாம ஒத்துக்கறார்.

அதே நூல்ல ஒரு கதவு வரும். எழுத்தாளர் வில்லியம் நோலன் சொன்னதா கிங் அதை எடுத்துச் சொல்றார். கதவுக்குப் பின்னாடி ஏதோ சுரண்டற சத்தம். கதவு திறக்குது. பத்தடி உயரத்துக்கு ஒரு பூச்சி! வாசகன் அலறுவான். ஆனா அந்த அலறல்ல ஒரு நிம்மதியும் ஒட்டிட்டு இருக்கும். 'பத்தடிதானா, சமாளிச்சுக்கலாம். நான் நூறடி இருக்கும்னு பயந்துட்டேன்.'

'முதல் பாதி செம, பேய் வந்ததும் சப்புன்னு போச்சு'ன்னு எத்தனை தடவை கேட்டிருப்போம்? அது பல சமயம் எழுத்தாளரோட திறமைக் குறைவு மட்டும் இல்ல. கதவைத் திறந்தா வர்ற விலை அது. வில்சன் பாஷையில சொன்னா, ஹாரர்ல மரச்சீவல்தான் சரக்கு. பெட்டியைக் கிளறிட்டு இருக்கற வரைக்கும்தான் பயம். கைக்கு ஆணி கிடைச்ச நொடியில அது வெறும் ஆணி. ஆணிக்காகவே வர்ற த்ரில்லர் வாசகர், 'கடைசி வரைக்கும் என்னன்னே சொல்லல'ன்னு புத்தகத்தைத் தூக்கிப் போடறதுல ஆச்சரியம் இல்ல.

வில்சனுக்கே இதுல ஒரு பங்கு உண்டு. ஹென்றி ஜேம்ஸ் 1898ல எழுதின 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வை எடுத்துக்கிட்டு, 1934ல அவர் ஒரு வாதம் வெச்சார். அங்க பேயே இல்ல, கதை சொல்ற அந்த இளம் ஆசிரியையோட மனப்பிரமைதான் எல்லாம்னார். அவருக்கு முன்னாடியும் அந்த வாசிப்பு உண்டு, ஆனா சண்டையைப் பெரிசாக்கினது அவர் கட்டுரைதான். பேய் கட்சி, பிரமை கட்சி ரெண்டும் இன்னிக்கு வரைக்கும் சமாதானம் ஆகல. ஆணியை வெளிய எடுக்காமலே விட்டதாலதான் அந்தக் கதை இன்னும் பேசப்படுதுன்னு நினைக்கறேன். அதே வில்சன் 1945ல ஹாரர் எழுத்தாளர் லவ்க்ராஃப்ட்டோட கதைகளைப் பத்தி, அதுல பெரும்பாலானதுல இருக்கற நிஜமான கோரம் மோசமான ரசனையும் மோசமான கலையும்தான்னு எழுதினார். லவ்க்ராஃப்ட்டுக்கு இன்னிக்கும் உலகம் முழுக்க வாசகர்கள். விமர்சகர் சொல்லிட்டாருங்கறதுக்காகப் புத்தகம் செத்துடறதில்ல.

[காட்சி: இரண்டு அலமாரிகள். நடுவில் ஒரு புத்தகம் தத்தளிக்கிறது.]

எது த்ரில்லர், எது ஹாரர்ங்கற பிரிவினையையும் ரொம்ப நம்ப வேண்டாம். 1988ல வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' த்ரில்லர் அலமாரியிலதான் பொதுவா இருக்கும். ஆனா ஹாரர் நாவலுக்கான பிராம் ஸ்டோக்கர் விருது அதுக்குத்தான் கிடைச்சுது. கிங்கோட 'மிசரி'யில பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஒரு வீடு, ஒரு எழுத்தாளர், அவரோட ரசிகை. அவ்வளவுதான்.

அதனால ஒரு நாவலைப் பத்தி நண்பர்கிட்ட சொல்றப்ப நான் நட்சத்திரம் போடறதை விட்டுட்டேன். எந்தப் பக்கத்துல கீழ வெச்சேன், எதை எதிர்பார்த்துத் திறந்தேன், எந்த நேரத்துல படிச்சேன், இதைச் சொல்றேன். ரயில்ல பகல்ல படிச்ச பேய்க்கதையும், ராத்திரி தனியாப் படிச்ச அதே கதையும் ஒண்ணா என்ன?

[காட்சி: மறுபடி அந்த மேஜை விளக்கு.]

ஷர்லி ஜாக்சனோட 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', 1959. நான் முதல்ல பாதியில விட்டேன். ஒண்ணுமே நடக்கலன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது பட்டப்பகல்ல, ஃபோனை நடுநடுவுல பார்த்துக்கிட்டு. ரெண்டாவது தடவை ராத்திரி எடுத்தேன். அதுல ஒரு இடம். கும்மிருட்டு. பக்கத்துல இருக்கற தோழியோட கையைக் கதையோட நாயகி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. பிடி வலிக்குது. விளக்கு எரியுது. தோழி அறையோட அந்தப் பக்கம், அவளோட கட்டில்ல.

[விளக்கு அணைகிறது.]