இசைத்தட்டை மேடையேற்றுதல்

(கல்லடியில் இசை ரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், மழையையும் பாராமல் வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பழைய பொப் இசைத்தட்டு ஒன்றை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, அதே வரிசையில், அதே வாத்தியங்களோடு வேறொரு குழு மேடையில் வாசிக்கிற கச்சேரிகளைப் பற்றி என்றேன். “அதுதான் போனிலேயே கிடக்கே, பிறகு ஏன் ரிக்கெற் எடுத்துப் போய் வேற ஆக்கள் பாடுறதைக் கேட்க வேணும்?” என்றார் ஒரு நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? வயல் வேலை ஓய்ந்ததும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆடுகிறவர்களுக்குச் சட்டம் (பாட்டு ஏடு) கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அப்புறம்தான் கூத்தைக் களரியேற்றுகிறார். கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டு பாதிப்பேருக்கு மனப்பாடம். ஆனாலும் விடியும்வரை இருக்கிறோம். பாரதப் போரில் யார் வெல்வார் என்று அறியவா போகிறோம்? இந்த முறை அருச்சுனனுக்கு ஆடுகிற பொடியன், களரிக்குள் நுழையும் வரவாட்டத்தை எப்படி ஆடுகிறான் என்று பார்க்கத்தானே!

ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டில் நின்றபோது மருமகன் என்னை அப்படி ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போனான். அங்கே கிறேக் மார்ட்டின் என்பவர் 2003இல் ‘கிளாசிக் ஆல்பம்ஸ் லைவ்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். அவர்களுடைய கொள்கை எளிது. இசைத்தட்டில் உள்ள ஒவ்வொரு சுரமும் மேடையில் வரவேண்டும். ஒப்பனை, பொய்முடி எதுவும் கிடையாது. கறுப்புச் சட்டையோடு வந்து நின்று வாசிக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. பொய்முடி வைத்து, உச்சரிப்பையும் மாற்றிப் பேசும் குழுக்களும் உண்டு. அங்கே காது பாதி, கண் பாதி என்று கவனம் சிதறி, கடைசியில் மாறுவேடப் போட்டி பார்த்த மாதிரி ஆகிவிடுகிறது.

அன்று வாசித்தது இங்கிலாந்துப் பொப் குழுவான பீற்றில்ஸின் ‘சார்ஜன்ற் பெப்பர்ஸ்’. 1967இல் வந்த தட்டு. இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. பீற்றில்ஸ் 1966 ஓகஸ்ட் 29ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் கலையகத்துக்குள் இருந்து இந்தத் தட்டைச் செய்தார்கள். ஆகவே மூலவர்களே இதை முழுதாக மேடையில் வாசித்ததில்லை. இன்று யாராவது நேரில் கேட்க ஆசைப்பட்டால், அடுத்தவர்கள் வாசித்தால்தான் உண்டு. நகல் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, எந்தக் கச்சேரியின் நகல்?

மேடைக்காக யோசித்துச் செய்யாத தட்டு என்பதால் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நான்கு தடம் கொண்ட ஒலிப்பதிவு இயந்திரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து சேர்த்த ஒலிகள் அவை. அறுபத்திநாலு வயதைப் பற்றிய அந்தப் பாட்டில் குரலை இளசாக்குவதற்காக நாடாவின் வேகத்தைக் கூட்டினார்கள். சுருதி அரைச்சுரம் ஏறிவிட்டது. மேடையில் பாடுகிறவர் அந்த ஏறிய சுருதியிலேயே வாயைத் திறக்க வேண்டும். இன்னொரு பாட்டில் சீப்பில் தாளைச் சுற்றி ஊதியிருக்கிறார்கள், நாங்கள் பள்ளிக்கூட வாங்கில் இருந்து ஊதினோமே, அதேதான். அன்றைக்கு மேடையில் ஒரு பெரிய மனிதர் சட்டைப் பையில் இருந்து சீப்பை எடுத்தார். சபை முழுக்க விசில்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சுவையாக இருந்தது, பாட்டு முடிகிற விதம். தட்டில் பல பொப் பாட்டுகள் முடிவதே இல்லை. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும்போது ஒலியைக் குறைத்துக் குறைத்து இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். மனிதர் வாசிக்கும்போது அப்படி மறைய முடியாதே. அன்று ஒரு பாட்டில், பாடுகிறவர்கள் மைக்கை விட்டு மெல்லப் பின்வாங்கினார்கள். றம்ஸ்காரர் குச்சியின் அடியை இறக்கிக்கொண்டே வந்து கடைசியில் விரலால் தட்டினார். ஒலிப்பலகையில் இருந்தவர் மிச்சத்தை இழுத்து மூடினார். எட்டுப் பத்துப் பேர் ஒரே அளவில் தேய்ந்து போவதற்கு எத்தனை நாள் பழகியிருப்பார்கள்! கடைசிப் பாட்டில் தட்டில் 40 பேர் கொண்ட வாத்தியக் குழு கீழ்ச் சுரத்தில் தொடங்கி உச்சத்துக்கு ஏறும். அத்தனை பேரை எந்தச் சிறு குழு வைத்துக் கட்டும்? வயலின், செலோ, குழல் என்று ஒரு கை ஆட்களும் இரண்டு கீபோர்ட்டும்தான் அன்று ஏறின. தட்டின் கனம் வரவில்லை, சொல்லத்தான் வேண்டும்.

லண்டனில் 2022இல் தொடங்கிய, சுவீடன் பொப் குழுவான அபாவின் காட்சியில் அந்தப் பாடகர்கள் நேரில் இல்லை, திரையில் அவர்களுடைய இளம்வயது உருவம்தான். கீழே ஒரு குழு உயிரோடு வாசிக்கிறது. நான் பார்க்கவில்லை. ஆசையும் பெரிதாக இல்லை. தவறுவதற்கு வாய்ப்பே இல்லாத குரலை எதற்காக நான் மூச்சைப் பிடித்துக் கேட்க வேண்டும்?

சரி, எங்கட ஊர்க் கதைக்கு வருகிறேன். ‘சார்ஜன்ற் பெப்பர்ஸி’ல் பீற்றில்ஸில் ஒருவரான ஜோர்ஜ் ஹரிசனின் பாட்டு ஒன்றில் வில்லால் வாசிக்கும் தில்ரூபா, தபேலா, தம்பூரா எல்லாம் வரும், கூடவே மேற்கத்திய வயலினும் செலோவும். இந்திய வாத்தியங்களை லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள் வாசித்தார்கள். உறையில் அவர்களுடைய பெயர்களைப் போடவில்லை. ஐரோப்பியக் குழுக்கள் ஆளைத் தேடி அலையும் பாட்டு அது. இங்கே கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் தபேலாவும் வயலினும் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களை வைத்து அந்த ஒரு பாட்டையாவது எடுத்துப் பார்க்கலாம்.

அதைவிட, ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்துத் தமிழ்ப் பொப் இருக்கிறது. எங்கள் இசைக்குழுக்கள் கலியாண வீட்டில் அதில் ஒரு பல்லவி, இதில் ஒரு சரணம் என்று ஒட்டிவிட்டு, வயலின், குழல் எல்லாவற்றையும் கீபோர்ட்காரரின் இடதுகையில் போட்டுவிடுகின்றன. ஒரு முறையாவது அந்தப் பதிவுகளை இருந்து கேட்டு, பேஸ் கிற்றார் என்ன செய்கிறது, கொங்கோ மேளம் எங்கே நுழைகிறது என்று எழுதியெடுத்து, அப்படியே வாசிக்க வேண்டும். பைலாத் தாளத்துக்கு வெளியூர் போகத் தேவையில்லை. போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் கப்றிஞ்ஞா என்ற ஆட்ட இசை வயலினோடு இன்னமும் உயிரோடு இருக்கிறது. அவர்களைக் கூப்பிடாமல் இதைச் செய்தால் அரைகுறைதான். பாட்டு எழுதியவர்களின் உரிமையை விசாரித்து அனுமதி எடுப்பது முதல் வேலை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்த உரிமை எழுதியவர் மறைந்து 70 ஆண்டு வரை நிற்கிறது.

பழைய இசைத்தட்டோ கசற்றோ வீட்டில் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். இரவல்தான், திருப்பித் தருவேன். தில்ரூபா வாசிக்கிற ஆள் யாரையாவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தேத்தண்ணி வெளியே இருக்கிறது.