பிரேசில்காரருக்கு லைன் கிளியர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நீடாமங்கலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'இணையச் சதுரங்கம் வளர்ப்பது நட்பையா, தனிமையையா?' நட்பைத்தான் என்று பேச வந்திருக்கிறேன். குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா ஒரு போடு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். "பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, பிரேசில்காரனோடு செஸ் ஆடுகிறானாம்!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, குறிப்பு கிடக்கட்டும். அந்தப் பிரேசில்காரரையே பார்த்துவிடுவோம்.

முகம் தெரியாதவரோடு சதுரங்கம் ஆடுவதை நீடாமங்கலத்தில் வந்து குறை சொல்லலாமா அம்மா? பூவனூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். அப்பர் பாடிய தலம். சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். தலபுராணம் இங்கே குழந்தைக்கும் தெரியும். ராஜராஜேஸ்வரி என்ற இளவரசியைச் சதுரங்கத்தில் ஜெயிக்க ஆளே இல்லை. ஜெயிப்பவருக்குத்தான் பெண் என்று ராஜா சொல்லிவிட்டார். ஒரு கிழவர் வந்தார். ஊர் கேட்டார்களா? பேர் கேட்டார்களா? பலகையைப் போட்டார்கள். ஆடினார், ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் வந்தவர் சிவபெருமான் என்று தெரிந்தது. ஆட்டம் முதலில், அறிமுகம் அப்புறம்! நம்ம ஊர்ச் சாமியே அப்படித்தான் பழகியிருக்கிறார்.

தூரத்தைச் சொல்லியும் சிரித்தீர்கள். 1965இல் கியூபாவின் ஹவானாவில் காபாபிளாங்கா நினைவுச் சதுரங்கப் போட்டி. அமெரிக்கச் சதுரங்க வீரர் பாபி ஃபிஷர் அங்கே போக அவர் நாட்டு அரசு அனுமதிக்கவில்லை. அவர் நியூயார்க்கில் மார்ஷல் செஸ் கிளப்பில் உட்கார்ந்துகொண்டு டெலிபிரிண்டர் என்ற தந்தி அச்சு இயந்திரம் வழியாகவே ஹவானாவோடு ஆடினார். இரண்டு அரசாங்கங்கள் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது! 1970 ஜூனில் சோயுஸ் 9 விண்கலத்தில் இருந்த இரண்டு பேர் தரையில் இருந்தவர்களோடு ஆடினார்கள். டிராவில் முடிந்தது. வானத்துக்கும் பூமிக்கும் நடுவே ஆடலாம், நீடாமங்கலத்துக்கும் பிரேசிலுக்கும் நடுவே கூடாதா?

இப்போது என் சித்தப்பா கதைக்கு வருகிறேன். இதோ, மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர் - திருவாரூர் தடம் மீட்டர் கேஜாக, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலமாக, இருந்த காலத்தில் கொடி காட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். எழுந்து என்ன செய்வது? பேத்தி அவர் போனில் லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தைப் போட்டுக் கொடுத்தாள். 2010இல் பிரான்சுக்காரர் ஒருவர் தொடங்கியது. கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. சித்தப்பாவுக்கு அதுவே பிடித்துப்போயிற்று.

ஒருநாள் காலை ஐந்து மணி. எதிரே ஒரு பிரேசில் கொடி. பத்து நிமிட ஆட்டம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அந்த மனிதர் ஒரு காயை நகர்த்தாமல் யோசிக்கிறார், யோசிக்கிறார், யோசித்துக்கொண்டே இருக்கிறார். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பழக்கதோஷத்தில் சாட்டில் அடித்தார்: "லைன் கிளியர் கொடுத்தாச்சு, வண்டியை எடுங்க!"

அடுத்த ஸ்டேஷன்காரர் 'வரலாம்' என்று சொன்னால்தான் இந்த ஸ்டேஷன்காரர் வண்டியை விடமுடியும். ஜங்ஷன் ஊர் இது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேசில்காரருக்கு அது எப்படித் தெரியும்? அங்கேதான் விஷயம். அவரிடமிருந்து பதில் வந்தது: "நீங்கள் ரயில்வேயா?"

கவனியுங்கள். ஆட்டத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தன் ராணி தாக்குதலில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அந்த மனிதர் கேட்கிறார், நீங்கள் ரயில்வேயா என்று. சித்தப்பா ஆமாம் என்றார். பழைய இன்ஜின்களைப் படம் எடுத்துச் சேர்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்காம். சித்தப்பா கேட்டார்: "உங்கள் ஊரில் என்ன கேஜ்?"

மீட்டர் கேஜ்!

இன்னொரு தடவை சொல்கிறேன். மீட்டர் கேஜ்! இங்கே நம் கண்ணெதிரே பெயர்த்துப் போட்டார்களே, சித்தப்பா வாலிப வயதெல்லாம் கழித்த அந்த மீட்டர் கேஜ், பிரேசிலில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த நாட்டு ரயில் பாதையில் பெரும்பகுதி அதுதான். விட்டோரியா - மினாஸ் தடத்தில் இரும்புத்தாது ஏற்றிய நீளமான கூட்ஸ்கள் மீட்டர் கேஜில்தான் ஓடுகின்றன. அதே தடத்தில் பயணிகள் ரயிலும் ஓடுகிறது. சித்தப்பா போனைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவருக்கும் நினைவில்லை, பிரேசில்காரருக்கும் நினைவில்லை.

அன்றிலிருந்து நம் காலை ஐந்துக்கு, அதாவது அவருடைய முந்தின நாள் இரவு எட்டரைக்கு, இருவரும் ஆஜர். இரண்டு பேரும் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வதைப் படித்தால் வயிறு வலிக்கும். இவர் யானை மூலையை விட்டுக் கிளம்பவில்லை என்றால் அவர் கேட்பார்: "உங்கள் கூட்ஸ் இன்னும் ஷெட்டிலேயே நிற்கிறதே?" அவர் ராஜா மாட்டிக்கொண்டால் இவர் சொல்வார்: "அவுட்டரில் நிறுத்திவிட்டேன், சிக்னல் விழாது." எனக்கு மிகவும் பிடித்தது இது. சித்தப்பா எழுதினார்: "எனக்குப் புதன்கிழமை பிறந்துவிட்டது, உங்களுக்கு இன்னும் செவ்வாய். நாளைக்கு நீங்கள் தோற்கப்போவது எனக்கு இன்றே தெரியும்." அவர் விடுவாரா? "அப்படியானால் புதன்கிழமை செய்தித்தாளை அனுப்புங்கள், என் தோல்வியைப் படித்துவிட்டு அதற்குத் தகுந்தபடி ஆடுகிறேன்!"

எதிரணித் தம்பி ஒருவர், "இணையத்தில் நடப்பது நட்பு இல்லை, நக்கல்" என்றார். தம்பி, 2021 மார்ச்சில் கார்ல்சன், நகமுரா என்ற இரண்டு பெரிய சதுரங்க வீரர்கள் ஒரு இணையப் போட்டியில் மோதினார்கள். இரண்டு பேருமே அடுத்த சுற்றுக்கு ஏற்கெனவே தேறிவிட்டார்கள். அப்போது உலகச் சாம்பியனாக இருந்த கார்ல்சன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தினார். இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவைக் கிளப்பி வெளியே கொண்டுவந்தார். கோட்டைக்குள் பதுங்க வேண்டிய ராஜா, வாசலில் வந்து நிற்கிறார்! நகமுரா என்ன செய்தார்? தன் ராஜாவையும் வெளியே அனுப்பினார். இரண்டு ராஜாக்களும் வெளியே வருகிறார்கள், உள்ளே போகிறார்கள், மறுபடி வெளியே வருகிறார்கள். ஆட்டக்காரர்கள் இருவரும் கேமரா முன்னால் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். ஆறே நகர்த்தலில் டிரா. வருஷக்கணக்காக ஒருவரை ஒருவர் வீழ்த்தப் பார்த்தவர்கள் சேர்ந்து சிரிக்க ஒரு நக்கல் தேவைப்பட்டது. மாமன் மச்சானை வாராத கல்யாண வீட்டை எனக்குக் காட்டுங்கள், உங்கள் கட்சியில் சேர்ந்துவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் கேட்டீர்கள் அல்லவா அம்மா? வருகிறேன். சித்தப்பா விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து தனியாகச் சிரிக்கிறார். பக்கத்து வீட்டில் குடிவந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பார்த்தால் தலையசைப்பதோடு சரி. அந்த வீட்டு அம்மா கோலம் போட வந்தவர் இதைப் பார்த்துவிட்டுப் பயந்து, தன் வீட்டுக்காரரை அனுப்பினார். அவர் வந்து, "சார், விடிகாலையில யாரோட சிரிக்கறீங்க?" என்றார். "பிரேசில்" என்றார் சித்தப்பா. "உக்காருங்க, இந்த இடத்துல குதிரையை எடுக்கலாமா பாருங்க." உட்கார்ந்தவர் காபி குடித்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாளும் வந்தார். இன்று சித்தப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பெயரை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், கணீரென்று சொல்வார். நம்ம தெருக்காரரையும் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அந்தப் பிரேசில் ஆட்டம்தான்!

மணி அடிக்காதீர்கள் நடுவர் அவர்களே, இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை சிரித்தோம், இதையும் கேளுங்கள்.

சித்தி போன வருஷம் தவறிவிட்டார். நாற்பது வருஷமாகக் காலையில் முதல் காபி போட்டுக் கொடுத்த கை. சித்தப்பாவுக்கு ஐந்து மணி என்றாலே பிடிக்காமல் போய்விட்டது. விழிப்பு வரும், எழுந்திருக்க மாட்டார். போன் அலமாரியில் கிடந்தது. மகன், மகள், நாங்கள் எல்லாரும் பேசிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் வந்து வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போவார்.

பிரேசில்காரருக்கு ஒன்றும் தெரியாது. நாளுக்கு ஒரு செய்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் கேலி: "புதன்கிழமை இன்னும் பிறக்கவில்லையா?" அப்புறம் கேலி நின்றுவிட்டது: "நலமா? வீட்டில் நலமா?" பேத்திதான் போனைத் திறந்து பார்த்து, பாட்டி போய்விட்டதை எழுதினாள். பதிலுக்குப் பெரிய ஆறுதல் வார்த்தை எதுவும் வரவில்லை. ஒரு ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. நேரக் கெடுவே இல்லாத ஆட்டம். லிசெஸில் அப்படி ஒன்று உண்டு. ஒரு காயை இன்றும் நகர்த்தலாம், நாலு நாள் கழித்தும் நகர்த்தலாம், கடிகாரம் துரத்தாது. பேத்தி ஏற்றுக்கொண்டாள். அவர் ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி வைத்துவிட்டுக் கீழே எழுதியிருந்தார்: "மாஸ்டர், அவசரம் இல்லை. வண்டி இங்கேயே நிற்கும். நீங்கள் லைன் கிளியர் கொடுத்தால் போதும்."

பேராசிரியர் அம்மா, அந்த மனிதருக்கு எங்கள் சித்தியின் முகம் தெரியாது. அவர் சமைத்த சாம்பாரின் ருசி தெரியாது. எங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று தெரியாது. ஆனால் எங்கள் சித்தப்பாவை அவசரப்படுத்தக் கூடாது என்று தெரிந்திருந்தது. சொந்தக்காரர்கள் எங்களுக்கு அது தோன்றவில்லை அம்மா! "எழுந்திரு, சாப்பிடு, வெளியே வா" என்று நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு விடிகாலை சித்தப்பா எழுந்தார். தானே காபி போட்டார். குதிரையை வெளியே எடுத்தார். போன் வழியாக அழுதாரா, திண்ணையில் அழுதாரா என்று நான் கேட்கவில்லை. அந்த ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சித்தப்பா கையில் ஒரு சிப்பாய் கூடுதல். பிரேசில்காரர் நேற்றுத்தான் யானையை நகர்த்தியிருக்கிறார், சித்தப்பா இன்னும் பதில் ஆடவில்லை. இந்தக் கூட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள்.

தீர்ப்பு உங்கள் கையில் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.