மண்டி மேல் கிடந்த ஒயின்

வணக்கம். மஸ்கடே என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயினின் பெயரைக் கேட்டதும் வாசனை தூக்கலான மஸ்கட் திராட்சை ரகம் ஞாபகம் வந்தால் அதை மறந்துவிடுங்கள். அந்த வாசனையும் கிடையாது, துளி இனிப்பும் கிடையாது.

பிரான்சின் மேற்கே, லுவார் ஆறு கடலில் சேரப்போகும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாந்த் நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் பிரித்தானி என்ற பிரெஞ்சுப் பகுதியின் பிரபுக்கள் ஆண்ட ஊர், அவர்கள் கோட்டை இன்னும் ஊர் நடுவில் நிற்கிறது. அதற்குத் தென்கிழக்கே செவ்ர், மேன் என்று இரண்டு சின்ன ஆறுகள். அந்தப் பக்கத்து ஒயின்தான் இது. திராட்சை ரகம் பிரான்சின் கிழக்கே இருக்கும் பர்கண்டியிலிருந்து வந்தது. 1709 குளிர்காலத்தில் கொடிகளெல்லாம் உறைந்து பட்டுப்போக, குளிரைத் தாங்கும் இந்த ரகத்தைப் பரவலாக நட்டார்கள். பிராந்தி காய்ச்சி வடிக்க டச்சு வியாபாரிகள் வெள்ளை ஒயின் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

நான் வாங்கிய புட்டி பத்து யூரோவுக்குள்தான். வாங்கும்போது லேபிளில் 'சுர் லீ' (பிரெஞ்சில் 'மண்டி மேல்') என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நொதித்து முடிந்ததும் செத்த ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படியும் இல்லையா, அதைப் பிரிக்காமல் குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே விட்டுவைத்து, அப்புறம் நேராகப் புட்டியில் அடைப்பார்கள். இந்தத் திராட்சைக்குத் தனக்கென்று பெரிய மணம் இல்லை, அதனால் அந்த மண்டிதான் இதற்குச் சதைப்பிடிப்பு தருகிறது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றிக் குடித்தேன், புளிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு மறுபடி முகர்ந்தால் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், அதற்கடியில் பிசைந்து வைத்த ரொட்டி மாவின் வாசனை! வாயில் வைத்ததும் நாக்கு நுனியில் லேசாகச் சுருக்கென்றது. நொதிக்கும்போது உண்டான வாயு கொஞ்சம் தங்கியிருப்பதால் அப்படி. விழுங்கிய பிறகு உப்புக் காற்று பட்ட மாதிரி ஒரு சுவை நிற்கிறது. தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று சிலர் தள்ளிவிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆல்கஹால் சுமார் 12 சதவீதம்தான், சாப்பாட்டை அமுக்காது. வேகவைக்காத சிப்பியோடு குடிப்பது அந்த ஊர் வழக்கம். வேகவைத்த மட்டியோடு எனக்கு இன்னும் பிடித்தது.

கிளிசோன், கோர்ஜ், லெ பாலே என்ற ஊர்களின் பெயரைத் தாங்கிய மஸ்கடேயும் கிடைக்கிறது. அதை இன்னும் நிறைய மாதங்கள் மண்டி மேல் வைப்பார்கள், விலையும் கொஞ்சம் கூடும். அடுத்து ஒரு கிளிசோன் வாங்கப் போகிறேன்.